வீரவநல்லூர் ரைஸ்மில்லில் ஒரு ரேஸ் கார்: "நரேன் ஓட்டினது" என்கிறார், எப்படி நம்புவது?

#1 சிந்துபூந்துறையான்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா படிங்க.

போன வாரம் வீரவநல்லூர் பக்கம் ஒரு மூடிக்கிடக்கிற ரைஸ்மில்லுக்குப் பழைய மோட்டார் பார்க்கப் போனேன். நெல் அவிக்கிற தொட்டிக்குப் பின்னால தார்ப்பாய் மூடி ஏதோ நீளமா கிடந்துச்சு. தூக்கிப் பார்த்தா ஒத்தை ஆள் உட்கார்ற ரேஸ் கார்! சக்கரம் நாலும் வெளியே நிக்குது, மூக்கு ஃபைபர், பின்னால சின்ன இன்ஜின். சீட்டுக்குள்ள ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருக்கு. அது எழுந்திரிக்கவே இல்ல, நான்தான் ஒதுங்கிப் பார்த்தேன்.

மில்லுக்காரர் சொன்னது இது: "எஃப்-1 ரேஸ் ஓட்டுன நரேன் கார்த்திகேயன் மொதமொதல்ல சோழவரத்துல ஓட்டி ஜெயிச்ச வண்டி. எங்க மச்சான் கோயம்புத்தூர்ல பெரிய ஆளு மூலமா வாங்குனாவ. ஆர்.சி. புக்கு, பேப்பரு எல்லாம் 2023 வெள்ளத்துல போயிட்டு." விலை 9 லட்சம். "உங்களுக்குன்னா எட்டே முக்கால்."

வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா 9 லட்சம் அந்தப் பேருக்குத்தானே தவிர இரும்புக்கு இல்ல. அந்தப் பேர் நிஜமா இந்த வண்டி மேல ஏறினதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#2 பஞ்சர்பாண்டி

கோழி விலையில சேர்த்தியா, தனியா?

#3 சோழவரம்78

தம்பி, மில்லுக்காரர் சொன்ன மூணு வரியில ரெண்டு வரி அங்கேயே விழுந்துபோச்சு.

சோழவரம்ங்கிறது இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் வருஷாவருஷம் பந்தயம் நடத்தும். நான் மெட்ராஸ்ல படிக்கும்போது 78-ல முதல்முறை போனேன். வைக்கோல் கட்டு அடுக்கிவெச்சிருப்பாங்க, அதுக்கு இந்தப் பக்கம் நாங்க. மல்லையா என்சைன் எஃப்-1 காரைக் கொண்டுவந்து ஓட்டினதும் அங்கதான். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. 1990-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில நிரந்தர டிராக் வந்ததும் பந்தயம் அங்க போயிருச்சு.

நரேன் பிறந்தது 1977 ஜனவரி. சோழவரத்துல பந்தயம் முடியுற காலத்துல அவர் பன்னிரண்டு வயசுப் பையன். அவருடைய முதல் பந்தயம் ஃபார்முலா மாருதியில (மாருதி 800 இன்ஜின் வெச்ச ஒத்தை ஆள் ரேஸ் கார்), ஸ்ரீபெரும்புதூர்ல. ஜெயிக்கவும் இல்ல, முதல் பந்தயத்துலயே முதல் மூணு இடத்துக்குள்ள வந்து மேடை ஏறினார், அவ்வளவுதான். 1992-ல பிரான்ஸ்ல எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில அரையிறுதி வரைக்கும் வந்தார். திரும்பி வந்து 93-ல இங்க மறுபடி ஃபார்முலா மாருதி. அதனால வண்டி ஃபார்முலா மாருதியா இருந்து, ஊர் பேர் மட்டும் மாறியிருந்தா கதைக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கு.

அந்த மூணாவது வரி, ஆர்.சி. புக். ரேஸ் காருக்கு ஏது தம்பி ஆர்.சி. புக்? அது ரோட்டுல ஓடுற வண்டியே இல்ல. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா ஹெட்லைட் எங்கேன்னுதான் கேப்பாங்க. லாரியில ஏத்திக் கொண்டுபோய், டிராக்ல ஸ்க்ரூட்டினி (வண்டிச் சோதனை) பண்ணி, ஓட்டி, திரும்ப லாரியில ஏத்தி வருவாங்க. இல்லாத புத்தகத்தை வெள்ளம் எப்படி அடிச்சுட்டுப் போகும்?

#4 சிந்துபூந்துறையான்

அண்ணாச்சி, ஆர்.சி. விஷயம் எனக்குத் தோணவே இல்ல! எங்க வீட்டுலயும் அந்த வெள்ளத்துல இடுப்பளவு தண்ணி, பத்திரமெல்லாம் ஊறிப்போச்சு. அதனால அவர் சொன்னதும் எனக்கும் மனசு இளகிருச்சு.

ஆனா ஒண்ணு. ஆள் பொய் சொல்ற மாதிரி தெரியல. நம்பித்தான் சொல்லுதாரு.

#5 லேத்துப்பட்டறை

வே சிந்துபூந்துறை, பேட்டையில 31 வருஷமா லேத்து ஓட்டுதேன். ரேஸ் காரு நான் செஞ்சதில்ல, ஆனா இரும்பு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். மனுஷன் பேச்சைக் கேக்காம இரும்பு பேச்சைக் கேளும். அடுத்த தடவ போகும்போது ஒரு டார்ச்சு, பல்லு தேய்க்குற பழைய பிரஷு, மண்ணெண்ணெய், 400 நம்பர் எமரி ஷீட்டு கொண்டு போரும்.

மொதல்ல நம்பர் தகடு. இந்த மாதிரி வண்டி மெல்லிசுக் குழாய் வெச்சுக் கட்டுனது. குழாய் மேல ஆழமா பஞ்ச் அடிச்சா நெளிஞ்சிரும். அதனால தகட்டுல அடிச்சு ரிவெட் பண்ணியிருப்பாவ. ரிவெட்டைக் கழத்தி இன்னொரு வண்டியில மாட்ட ரெண்டு நிமிஷம் போதும். அதனால தகட்டைப் பாத்து நம்பாதீரும், தகட்டுக்கு அடியில பாரும். முப்பது வருஷம் ஒரே எடத்துல இருந்த தகட்டுக்குக் கீழ பெயின்டு வேற கலரா, அழுக்கில்லாம இருக்கும். ரிவெட் ஓட்டை ரெண்டு ஜோடி இருந்துச்சுன்னா யாரோ வேலை காட்டியிருக்கான்னு அர்த்தம்.

கெட்டி இரும்புல அடிச்ச நம்பரா இருந்தா அது வேற சோலி. அரத்தால ராவிட்டு மேல புது நம்பர் அடிச்சாலும், முன்னால அடிபட்ட எடம் உள்ளுக்குள்ள நெரிஞ்சுதான் கெடக்கும். தடய அறிவியல்காரங்க ஆசிட் தடவி அந்தப் பழைய நம்பரை வெளிய கொண்டாந்துருவாவ. திருட்டு பைக்குல அப்படித்தான் மாட்டுதானுவ.

பொறவு வெல்டு. ஒவ்வொரு மூட்டையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிட்டுப் பாரும். மீன் செதில் மாதிரி அடுக்கு தெரியும். எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் இழுத்திருக்கான்னு அந்தச் செதிலே சொல்லும். ஒரே ஆள் போட்டிருந்தா நெருக்கம் ஒரே மாதிரி இருக்கும். நடுவுல நாலு மூட்டு மட்டும் கட்டியும் முட்டியுமா இருந்தா அது பின்னால எவனோ போட்டது. முன்பக்கம் அப்படி இருந்தா வண்டி எங்கயோ போய் முட்டியிருக்கு.

பெயின்டை ஒரு ரூபாய்த் துட்டு அளவுக்கு, மறைவான எடத்துல, தண்ணி தொட்டு எமரி போட்டு வட்டமா தேயும். நடுவுல ஆழம், ஓரத்துல மேலாப்புல. அடியில இருந்து மேல வரைக்கும் என்னென்ன கலர் அடிச்சாவன்னு வளையம் வளையமா தெரியும். மில்லுக்காரரைக் கேட்டுட்டுத் தேயும்!

#6 கோவை_கியர்

நல்லாச் சொன்னீங்க லேத்துப்பட்டறை. நம்மூர்ப் பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தைங்க.

ஃபார்முலா மாருதியை உருவாக்கினவர் எங்க ஊரு கரிவரதன். கரின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. லட்சுமி மில்ஸ் குடும்பத்துல பிறந்து, மில்லை விட்டுட்டு டிராக்கைச் சுத்தினவர். சோழவரத்துல அவரும் பெரிய டிரைவர்ங்க. வெளிநாட்டுப் பழைய ரேஸ் காரை வாங்கி ஓட்டப் பணக்காரனாலதான் முடியும்னு இருந்த காலம். 1980-களின் கடைசியில அவர் செஞ்சதுதான் இது. குழாய் சேஸு (வண்டியோட எலும்புக்கூடு), ஃபைபர் பாடி, மாருதி 800-ஓட 796 சி.சி. மூணு சிலிண்டர் இன்ஜின். உதிரிப்பாகம் எந்த ஊர்லயும் கிடைக்கும். எத்தனையோ பசங்க அதுலதான் பழகினாங்க. 1995-ல சிறு விமான விபத்துல அவர் போயிட்டாருங்க. செட்டிபாளையத்துல 2003-ல திறந்த டிராக்குக்கு அவர் பேர்தான் வெச்சிருக்காங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்குதுங்க. எல்லா வண்டிக்கும் பாடி ஒரே அச்சுல வார்த்தது. அதனால பழைய போட்டோல நரேன் உட்கார்ந்திருக்கிற வண்டி மாதிரியே உங்க வண்டி இருந்தா அது ஒண்ணுக்கும் சாட்சி ஆகாது. எல்லா வண்டியும் அப்படித்தான் இருக்கும்! பாடியைக் கழட்டி உள்பக்கம் திருப்புங்க. கையால மேட் ஒட்டி ரெசின் தடவினது, அதனால உள்பக்கம் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. பிரஷ் மயிர் ஒட்டியிருக்கும், ரெசின் வழிஞ்சு காஞ்சிருக்கும், சிலசமயம் மார்க்கர்ல ஏதாச்சும் கிறுக்கியிருப்பாங்க.

இன்னொண்ணு சொல்லிடறேன், தப்பா நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல மூலையில கிடக்கிற ஃபார்முலா மாருதி எல்லாமே "நரேன் ஓட்டினது"தான். நானே மூணு பார்த்துட்டேன்.

#7 பஞ்சர்பாண்டி

டவுன்ல நாலு கடைக்கு ஒரு கடை "ஒரிஜினல் அல்வா" போர்டு வெச்ச கதைதான்.

#8 சிந்துபூந்துறையான்

ஞாயித்துக்கிழமை வெள்ளனயே போயிட்டு வந்தேன். கோழி குஞ்சு பொரிச்சிட்டு இடத்தைக் காலி பண்ணிருச்சு. மில்லுக்காரர் வீட்டம்மா காப்பி கொடுத்தாங்க. மூணு மணி நேரம் தரையில படுத்துக்கிடந்தேன்.

நம்பர் தகடு இல்ல. தகடு இருந்த இடம் இருக்கு. ரெண்டே ரெண்டு ரிவெட் ஓட்டை, சுத்தி துரு, நடுவுல நீளவாக்குல சதுரமா சாம்பல் பிரைமர் அப்படியே இருக்கு. எவனோ ஞாபகார்த்தமா பிடுங்கிட்டுப் போயிருக்கான்.

வெல்டு பெரும்பாலும் நெருக்கமா, ஒரே சீரா இருக்கு. இன்ஜின் உட்கார்ற இடத்துல மட்டும் ரெண்டு பிராக்கெட் கட்டிகட்டியா, பொரிஞ்ச அப்பளம் மாதிரி. லேத்துப்பட்டறை சொன்ன "பின்னால எவனோ" அங்கதான் இருக்கான்.

பெயின்ட் தேய்ச்சதுல மேல மஞ்சள், அதுக்குக் கீழ பட்டி, அதுக்குக் கீழ சிவப்பு, வெள்ளை, கடைசியில சாம்பல் பிரைமர். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவுல பட்டி இல்ல. அப்போ சிவப்பு வரைக்கும் வண்டி அடிபடலைன்னு வெச்சுக்கலாமா?

டயர் ரோட்டுக் கார் டயர். பக்கவாட்டுல ஓவல் கட்டத்துக்குள்ள 3204. அதாவது 2004-ஓட 32-வது வாரம்.

இப்போ கெட்ட செய்தி. இன்ஜின் நம்பர் மேல மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ச்சேன். எஃப்8டி-ன்னு ஆரம்பிக்குது. மாருதி 800 இன்ஜின் எஃப்8பி இல்லையா?

#9 சோழவரம்78

ஆமா. எஃப்8பி-ங்கிறது சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, கார்பரேட்டர் வெச்சது. எஃப்8டி அதே 796 சி.சி.தான், ஆனா 12 வால்வு, இன்ஜெக்ஷன். 2000-ல ஆல்ட்டோ வந்தப்பதான் இங்க எல்லாருக்கும் அறிமுகம். 93-ல ஒரு சின்னப் பையன் ஓட்டின வண்டியில அது இருக்க வழியே இல்ல.

#10 கவென்ட்ரி_நெல்லைக்காரன்

அவசரப்படாதீங்க. இன்ஜின் மாறினதால வண்டி வேற ஆயிடாது. ரேஸ் கார்ல இன்ஜின்ங்கிறது செருப்பு மாதிரி, தேய்ஞ்சா மாத்துவாங்க.

நான் இருக்கிற இங்கிலாந்துல இதைப் பத்தி ஹைகோர்ட் வரைக்கும் ஒரு வழக்கே நடந்திருக்கு. பென்ட்லியோட "ஓல்டு நம்பர் ஒன்". உல்ஃப் பர்னாட்டோ ஓட்டி 1929, 1930 ரெண்டு வருஷமும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல ஜெயிச்ச கார். 1932-ல ப்ரூக்லாண்ட்ஸ் டிராக்ல அது விபத்துல சிக்கி டிரைவர் கிளைவ் டன்ஃபி இறந்துட்டார். அப்புறம் திருப்பிக் கட்டினாங்க. 1990-ல அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவங்க பின்வாங்கினாங்க. "இது அந்த வண்டியே இல்ல, எல்லாமே மாறிப்போச்சு"ன்னு வாதம். நீதிபதி ஆட்டன் உட்கார்ந்து போல்ட் போல்ட்டா கணக்குப் பார்த்தார். 1929-ல இருந்து மிஞ்சினது, எந்தக் காலத்ததுன்னே சொல்ல முடியாத சில்லறைச் சாமான். 1930 வண்டியில இருந்து கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு மாதிரி சிலது இருக்கலாம். சேஸே 1932-தான்.

அப்படியிருந்தும் தீர்ப்பு விற்கிறவர் பக்கம். வண்டி எந்தக் கட்டத்துலயும் காணாம போகல, பிரிச்சுப் போட்டு இன்னொண்ணா ஆகல, ஒவ்வொரு மாற்றமும் அதோட வாழ்க்கையிலயே நடந்தது, அதனால இதுதான் ஓல்டு நம்பர் ஒன் அப்படின்னு சொல்லிட்டார்.

அதனால சிந்துபூந்துறை, பாகத்தை எண்ணாதீங்க. 1993-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் இந்த வண்டி யார் கையில, எந்த ஊர்ல, எந்தக் கொட்டகையில இருந்ததுன்னு ஒரு சங்கிலி போடுங்க. கண்ணி அறுந்தா அதோட கதை முடிஞ்சது. தகடு போனதுக்கும் ரொம்ப வருத்தப்பட வேண்டாம். 60, 70-கள்ல ஐரோப்பாவுல பெரிய பெரிய அணிகளே எல்லை தாண்டும்போது கஸ்டம்ஸ் காகிதத்துல எந்த நம்பர் இருக்கோ அந்தத் தகட்டை இருக்கிற வண்டியில மாட்டிக் கொண்டுபோயிருக்காங்க. அதனாலேயே அந்தக் காலத்து லோட்டஸ் வண்டிகளுக்கு வரலாறு எழுதுறவங்க இன்னிக்கும் தலையைப் பிச்சுக்கறாங்க.

#11 அம்பாசமுத்திரத்தாள்

கார் எனக்குத் தெரியாது. சும்மா படிச்சிட்டு வந்தேன், இதைச் சொல்லாம போக முடியல.

நம்ம நெல்லையப்பர் தேரை எடுத்துக்கோங்க. 2024 ஆனித் தேரோட்டத்துல வடம் அறுந்து ஊரே பதறுச்சு. வேற வடம் கட்டி இழுத்தாங்க. அதுக்காக யாராவது "இது வேற தேர்"னு சொன்னாங்களா? சட்டம் மாத்துறாங்க, அச்சு மாத்துறாங்க, எத்தனையோ கோயில் தேருக்குத் திருச்சி பெல்லுல செஞ்ச இரும்புச் சக்கரம் மாட்டியாச்சு. எங்க தாத்தா இழுத்த தேரைத்தான் எங்க அண்ணன் மகன் இழுக்கிறான்.

நீதிபதி சொன்னதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமா?

#12 லேத்துப்பட்டறை

யக்கா, நல்லாத்தான் சொல்லுதிய. ஆனா தேரை யாரும் ஒம்பது லட்சத்துக்கு விக்க வரல. தேர் வருஷாவருஷம் அதே நாலு ரத வீதியைத்தான் சுத்துது, ஊரே கூடி நின்னு பாக்குது. மாத்துனது எது, மாத்தாதது எதுன்னு ஆயிரம் பேருக்குத் தெரியும். இந்த வண்டி எந்த வீதியில சுத்துச்சுன்னு அந்தக் கோழிக்கு மட்டுந்தான் தெரியும்.

#13 கவென்ட்ரி_நெல்லைக்காரன்

லேத்துப்பட்டறை சொன்னதுதான் சந்தைக்காரன் கணக்கும். ஷூமாக்கர் 2001-ல ஓட்டின ஃபெராரி எஃப்2001-ல சேஸ் 211. மொனாக்கோவுலயும் ஹங்கேரியிலயும் ஜெயிச்சது அதுலதான்னு பந்தயம் பந்தயமா பதிவு இருக்கு. 2017 ஏலத்துல 75 லட்சம் டாலர், 2025-ல ஒரு கோடியே 59 லட்சம் யூரோவுக்கு மேல. "ஷூமாக்கர் ஓட்டினது"ங்கிற வெறும் வாய்வார்த்தைக்கு அந்த விலை வராது. எந்த சேஸ், எந்த ஞாயித்துக்கிழமைன்னு கேப்பான்.

#14 சிந்துபூந்துறையான்

மக்களே! பாடியைக் கழட்டிட்டேன்!!

மூக்குப் பகுதி உள்பக்கம், ரெசின் வழிஞ்ச இடத்துக்குப் பக்கத்துல, கருப்பு மார்க்கர்ல தமிழ்ல "கரி வண்டி"ன்னு எழுதியிருக்கு. தெளிவா இருக்கு. நான் தொடக்கூட இல்ல, பத்துப் போட்டோ எடுத்து இங்க போட்டிருக்கேன்.

அப்புறம் சீட்டுக்கு அடியில, தவிட்டோட தவிடா, மடிச்ச ஒரு காகிதம். எடைமேடைச் சீட்டு. எழுத்து மங்கிப்போச்சு, ஆனா கைப்பட "கரி வண்டி 1, பழைய இரும்பு"ன்னு இருக்கு. தேதியில வருஷம் 2011.

கரி! கரிவரதனே ஓட்டின வண்டியா இது?! நரேனை விடுங்க, இது அதை விடப் பெருசு இல்லையா? கை நடுங்குது.

#15 பஞ்சர்பாண்டி

சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்னு ஒரு ஊரு இருக்கு, நாங்க கரிவலம்னுதான் சொல்லுவோம். கரிவலத்துல இருந்து வந்த வண்டியா இருக்கும். யானை வலம் வந்த ஊருக்கு ரேஸ் காரு வலம் வரக் கூடாதா?

#16 கோவை_கியர்

நடுங்காதீங்க. ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க.

ஃபார்முலா மாருதி எல்லாமே கரி வண்டிதானுங்க, செஞ்சவர் அவர்தானே. டி.வி.எஸ். வண்டின்னா டி.வி.எஸ். முதலாளி ஓட்டினதுன்னா அர்த்தம்? அதுவுமில்லாம கோயமுத்தூர்ப் பட்டறையில எழுதியிருந்தா "கரி வண்டி"ன்னு ஏன் எழுதப் போறாங்க? அங்க இருக்கிறது பூராவும் கரி வண்டிதான். அடையாளத்துக்கு நம்பரோ டிரைவர் பேரோதான் எழுதுவாங்க. இது வேற ஊர்ல, வேற வண்டிகளுக்கு நடுவுல இதைத் தனியாக் காட்ட யாரோ எழுதினதுங்க.

#17 சோழவரம்78

அருமையான பாயிண்ட். தம்பி, எடைச்சீட்டுல "பழைய இரும்பு"ன்னு இருக்கிறதைக் கவனிங்க. பெரிய ஆள் மூலமா வாங்கின வண்டி எடைமேடையில ஏறாது.

#18 முன்னாள்_மெக்

இந்த இழையை ரெண்டு நாளா வாயைப் பொத்திக்கிட்டுப் படிச்சேன். சிரிப்பு ஒரு பக்கம், கண்ணுல தண்ணி ஒரு பக்கம். போட்டோல இருக்கிறது என் கையெழுத்து.

நம்ம ஜில்லாவுல ஒரு காலேஜ்ல (பேர் வேண்டாம்) நான் மெக்கானிக்கல். 2000-களின் நடுவுல. எங்க ஆட்டோமொபைல் லேப்ல இந்த வண்டி நின்னுச்சு. பக்கத்துல ஒரு பழைய ஜீப், ஒரு அம்பாசடர் இன்ஜின் வெட்டிவெச்சது, இது. அப்போ சிவப்பு. கடைசி வருஷ புராஜெக்டுக்கு இதுக்கு ஆல்ட்டோ இன்ஜின் ஏத்துறதா நாங்க அஞ்சு பேர் ஒத்துக்கிட்டோம். விபத்தான ஆல்ட்டோல இருந்து இன்ஜின் மட்டும் வாங்கினோம். வயரிங்கும் ஈ.சி.எம்.மும் (இன்ஜினை இயக்குற கம்ப்யூட்டர்) தனி விலை சொன்னான், காசு இல்ல. "இன்ஜெக்ஷன் எதுக்குடா"ன்னு இன்டேக்குக்கு ஒரு அடாப்டர் செஞ்சு பழைய 800 கார்பரேட்டரை மேல உட்கார வெச்சோம். அந்த அப்பள வெல்டு ரெண்டும் நான் போட்டது. லேத்துப்பட்டறை அண்ணாச்சி மன்னிக்கணும்.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஆனா பெட்ரோலைக் குடிச்சுக் குடிச்சுக் கருப்புப் புகையாத் துப்பும். வைவா அன்னிக்கு வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் சைலன்சர் பக்கமா நின்னார். வெள்ளைச் சட்டை. அதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம். லேப் அண்ணாச்சி அன்னிலேந்து அதை "கரி வண்டி"ன்னுதான் கூப்பிட்டார். காலேஜ் பூராவும் அந்தப் பேர்தான். கடைசி நாள் நான் மூக்கைக் கழட்டி உள்ள எழுதிட்டு வந்தேன். கோயம்புத்தூர் கரி யாருன்னு எங்க யாருக்கும் அப்போ தெரியாது.

தகட்டைப் பிடுங்கினது நான் இல்ல, ஆனா யாருன்னு தெரியும். துபாய்ல இருக்கான். கேட்டுப் பார்க்கிறேன்.

#19 பஞ்சர்பாண்டி

கரி வண்டின்னா கரி கக்குற வண்டி! நான் கரிவலம் வரைக்கும் போயிட்டு வந்தேனே.

#20 லேத்துப்பட்டறை

வெல்டு போட்டது நீதானாலே! எலெக்ட்ரோடை அடுப்புல காய வெச்சியா, ஆத்துல முக்கி எடுத்தியா?

#21 சோழவரம்78

முன்னாள்_மெக், உங்களாலதான் இழைக்கு உயிர் வந்தது. சிந்துபூந்துறை தம்பி, இனி வழி சுலபம். காலேஜ் லேப்னா ஸ்டாக் ரிஜிஸ்டர் இல்லாம இருக்காது. எந்தச் சாமான் வந்தாலும் தேதி, யார்கிட்ட வாங்கினது, விலை, பக்க எண் எழுதுவாங்க. போகும்போது கமிட்டி போட்டு, கண்டம் பண்ணி (இனி உதவாதுன்னு ஒதுக்கி), ஏலம் விட்டு, சிவப்பு மையில அடிப்பாங்க. ரேஸ் காருக்கு ஆர்.சி. புக் கிடையாதுன்னு சொன்னேனே, உங்க வண்டிக்கு அதுதான் ஆர்.சி. புக். முறையா ஒரு கடிதம் எழுதி எடுத்துட்டுப் போங்க.

அதுக்கு முந்தின காலத்துக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். நாட்டுல வர்ற பத்திரிகை எல்லாம் அங்க ஒரு பிரதி போகணும்னு சட்டம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயம் முடிஞ்ச மறுநாள் ஆங்கிலப் பேப்பர் விளையாட்டுப் பக்கம் பாருங்க. அதுல வண்டி நம்பர் தெரியற போட்டோ கிடைச்சா, வெள்ளைக்கு அடுத்து சிவப்புங்கிற உங்க பெயின்ட் வளையத்தோட ஒத்துப் பார்க்கலாம்.

#22 சிந்துபூந்துறையான்

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

காலேஜுக்குப் போனேன். ஆபீஸ்ல முதல்ல விரட்டினாங்க. ரெண்டாவது தடவ முன்னாள்_மெக் சொன்ன லேப் அண்ணாச்சி (போன வருஷம்தான் ரிட்டயர் ஆகியிருக்காரு) கூடவே வந்தாரு. ரிஜிஸ்டர் தலையணை கனம், ஓரமெல்லாம் கரையான். ஆனா அந்தப் பக்கம் முழுசா இருக்கு. 1999-ல வாங்கியிருக்காங்க. "சிங்கிள் சீட்டர் ரேஸ் கார், மாருதி 800 இன்ஜினுடன், பழையது, 1 எண்ணம்". கோயம்புத்தூர்ல ஒரு தனிநபர்கிட்ட. கீழ சிவப்பு மையில "கண்டம், ஏலம், 2011". எடைச்சீட்டோட வருஷமும் அதுதான். லேப் அண்ணாச்சி ரிஜிஸ்டரை மூடும்போது "அந்த எக்ஸாமினருக்கு அன்னைக்கு நம்ம டிபார்ட்மெண்டுல வாங்குன சோப்பும் இதுல எழுதியிருக்கு தம்பி"ன்னாரு. தேடல, நேரமில்ல.

அப்புறம் நேரா மில்லுக்காரர் வீடு. சண்டை போடப் போகல, கேக்கத்தான் போனேன். மச்சான் ஏலத்துல எடுத்ததை ஒத்துக்கிட்டாரு. லாரியில ஏத்தும்போது லேப்காரங்க "கரி வண்டி போகுது"ன்னாங்களாம். லாரி டிரைவர் பொள்ளாச்சிக்காரர். "கரின்னா எங்க ஊர் ரேஸ்காரருங்க"ன்னு அவர் சொல்லியிருக்காரு. மச்சான் வீட்டுல வந்து "கோயம்புத்தூர் ரேஸ்காரர் வண்டி"ன்னாரு. மில்லுக்காரருக்குக் கோயம்புத்தூர் ரேஸ்காரர்னா ஒருத்தரைத்தான் தெரியும், 2005-ல ஜோர்டான்ங்கிற எஃப்-1 டீம்ல ஓட்டி டிவியில வந்தவரு. சோழவரம் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். "ரேஸுன்னா சோழவரந்தானே"ன்னாரு. ஆர்.சி. புக்கு? "எல்லா வண்டிக்கும் இருக்குமே, இதுக்கும் இருந்திருக்கும்னு நெனச்சேன்."

நான் முதல்ல சொன்னேனே, ஆள் பொய் சொல்லலைன்னு.

#23 கவென்ட்ரி_நெல்லைக்காரன்

1999-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் சங்கிலி அறாம கிடைச்சிருச்சு. 1999-க்கு முன்னாடிதான் பாக்கி. அந்தத் தனிநபர் பேர் ரிஜிஸ்டர்ல இருக்கா? இங்க போடாதீங்க, நீங்களே போய்ப் பாருங்க.

#24 கோவை_கியர்

தனிமடல்ல அனுப்புங்க, இங்க விசாரிக்கிறேன். கரி செஞ்ச வண்டிங்கிறதுல இப்போ எனக்குச் சந்தேகம் இல்லீங்க. அதுவே எனக்குப் போதும்.

#25 அம்பாசமுத்திரத்தாள்

அப்போ ரெண்டு கரியும் சேர்ந்த வண்டி. வாங்கினீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க.

#26 சிந்துபூந்துறையான்

யக்கா, அதுதான் கூத்து. பேசிப் பேசி ஒண்ணே முக்காலுக்குக் கொண்டுவந்துட்டேன். கை குடுக்கிற நேரத்துல, நல்லெண்ணத்துல, "நரேன் வண்டி இல்லைன்னாலும் பரவால்ல அண்ணாச்சி, இது கரிவரதன் உருவாக்கின வண்டி, அவர் பேர்ல டிராக்கே இருக்கு"ன்னு வாயை விட்டுட்டேன். மில்லுக்காரர் கையைப் பின்னால இழுத்துக்கிட்டாரு. "அப்படியா? அப்போ மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்."

நேத்து ராத்திரி போன் வந்துச்சு. மூணு லட்சமாம்.

#27 லேத்துப்பட்டறை

ஏ கோட்டிக்காரா! இனி நீ வாய் தொறக்காத. சனிக்கிழமை நான் வாரேன், நான் பேசுதேன். லோடு ஆட்டோ பத்தாது, டாடா ஏஸும் நீளம் காணாது. மேலப்பாளையத்துல நமக்குத் தெரிஞ்ச மினி லாரி இருக்கு, சொல்லி வைக்கேன். கோழிக்கூண்டு ஏதாச்சும் உள்ள இருந்தா மொதல்ல எடுத்து வைக்கச் சொல்லும்.

#28 முன்னாள்_மெக்

துபாய்க்காரன் பதில் போட்டுட்டான். தகடு அவன் அம்மா வீட்டுல, தென்காசியில, பீரோவுக்குள்ள இருக்காம். போட்டோ வாங்கிட்டேன், நம்பர் படிக்க முடியுது. மில்லுக்காரர் விலையை முடிக்கிற வரைக்கும் இங்க போட மாட்டேன்.